நம்பிக்கைக்கு ஒன்று, இல்லாவிட்டால் சைபர்

ஆய்வு மையத்தில் எல்லோரும் அவளை நம்பரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு வீடாகக் கேட்டு எழுதி வந்த பதில்களைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண் போடுவது அவள் வேலை. பதினோரு வருடமாக அதே நாற்காலி.

இந்த முறை அக்கம்பக்கத்தார் மேல் மக்களுக்கு உள்ள நம்பிக்கையை அளக்க வேண்டும். இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சைபர். அதே நானூறு பதில்களுக்கு அடுத்த அறையில் சுருட்டைமுடிக்காரி ஒருத்தியும் தனியாக எண் போட்டாள். இருவர் எண்ணும் குறைந்தது நூற்றுக்கு எண்பது ஒத்துப்போனால்தான் பேராசிரியர் ஏற்பார். மூன்று வாரமாக அறுபத்திரண்டிலேயே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வெளியூர் போனா சாவியைப் பக்கத்து வீட்டுலதான் குடுப்பேன். நகையை மட்டும் கையோட எடுத்துட்டுப் போயிடுவேன்" என்று ஓர் அம்மா சொல்லியிருந்தார். நம்பரக்கா ஒன்று போட்டாள். சுருட்டை சைபர்.

"சாவியையே குடுக்குறாங்கடி, அப்புறம் என்ன?"

"நகையைத் தூக்கிட்டுப் போறாங்களேக்கா!"

"நீ எடுத்துட்டுப் போக மாட்டியா?"

"நான் சாவியே குடுக்க மாட்டேன்."

மண்டை காய்ந்துபோய் வீட்டில் கணவரிடம் கேட்டாள். "நீங்க பக்கத்து வீட்டை நம்புவீங்களா?"

"எந்தப் பக்கம்? இடது பக்கமா, வலது பக்கமா?" என்றார் அவர்.

மறுநாள் பேராசிரியரிடம் போனாள். "சார், நடுவுல ஒரு எண் வேணும். பாதிப் பேர் அங்கதான் நிக்கிறாங்க."

"நடுவுல வெச்சா எல்லாத்தையும் அதுலயே தள்ளிடுவீங்கம்மா."

அதுவும் பொய்யில்லை. போன ஆய்வில் அவளே அப்படித் தள்ளியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது. ஒத்துப்போகாதவற்றில் நூற்று முப்பத்து மூன்று பதில்களை 'தெளிவற்றவை' என்று நீக்கினார்கள். கணக்கு தொண்ணூற்று மூன்றுக்குத் தாவியது. பேராசிரியர் முகம் மலர்ந்துவிட்டது.

"அவங்க தெளிவாத்தான் சொல்லியிருக்காங்க சார். நமக்குத்தான் அதை எழுதத் தெரியல" என்றாள் நம்பரக்கா.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அறிக்கையில ஒரு வரி போட்டுடலாம்மா."

நம்பரக்கா இடத்துக்குத் திரும்பி, நீக்கிய பதில்களை யாரும் சொல்லாமலே தனிக் கோப்பில் சேமித்தாள். யார் கேட்கப்போகிறார்கள்? மேசையில் அடுத்த கட்டு வந்து கிடந்தது. தலைப்பு: முதியவர்களின் தனிமை. இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சைபர். அதைத் தள்ளி வைத்துவிட்டு, நெற்றியைப் பிடித்தபடி உட்கார்ந்தாள்.