இடது பக்கமாக வந்தவர்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். என் கூடப்பிறந்த அக்காவுக்கு நடந்தது இது. நடுராத்திரியும் இல்லை, சுடுகாடும் இல்லை. பட்டப்பகல், விடுமுறை நாள். ஆய்வகத்தில் அவளும் மாமாவும் மட்டும்தான்.

புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே வேலை. கணினிக்குள் ஒரு கற்பனைப் பெட்டி. அது நிறையத் தண்ணீர், நடுவில் ஒரு புரதம், அதன் குழியில் ஒரு மருந்து மூலக்கூறு. மருந்து குழியிலேயே தங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பெட்டிக்கு ஒரு விதி உண்டு. வலது சுவர் வழியாக எது வெளியே போனாலும், அதே நொடியில் இடது சுவர் வழியாக உள்ளே வந்துவிடும். அந்தத் தாவலைச் சரிசெய்த பிறகுதான் மருந்துக்கும் குழிக்கும் உள்ள தூரத்தை அளக்க முடியும். அதற்காக அக்கா எழுதிய கணினி ஸ்கிரிப்ட் அங்கேதான் மக்கர் பண்ணியது. மாலைக்குள் முடிவு போகாவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். இருவருக்கும் வேலை போய்விடும்.

மணி 2.10. மாமா நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

“ஒரு மாதிரியா இருக்கு. காத்து வாங்கிட்டு வரேன்.”

“சீக்கிரம் வாங்க” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வலது பக்கக் கதவு சாத்திக்கொண்டது. டப்.

உடனே இடது பக்கம் நாற்காலி நகர்ந்தது. கிரீச்...

மாமா உட்கார்ந்திருந்தார்.

“அதுக்குள்ளயா?”

“ம்.”

இடது பக்கம் கதவே கிடையாது, வெறும் சுவர். வேலை மும்முரத்தில் அவளுக்கு அது உறைக்கவில்லை. மாமாவுக்கு மூக்கடைப்பு, மூச்சு விட்டால் நாலு அறை தள்ளிக் கேட்கும். அந்தச் சத்தமும் இல்லை.

2.25. அவள் போன் அதிர்ந்தது. மாமாவின் நம்பர்.

“உங்க போன் பாக்கெட்ல இருந்து தானா எனக்கு அடிக்குது பாருங்க” என்று சிரித்துக்கொண்டே கட் பண்ணினாள்.

2.40. மறுபடி அதே நம்பர். மறுபடி கட் பண்ணினாள்.

முதுகு வலித்தது. எழுந்தாள்.

“எழுந்திரிக்காத. முடிச்சிடு.”

ஒரு விரல் நீண்டு இரண்டு வரிகளைக் காட்டியது. புரதத்தை நடுவுக்கு இழுத்துவிட்டு, அப்புறம் தாவலைச் சரிசெய்திருந்தாள். வரிசை தலைகீழ். மாற்றி எழுதி ஓட்டினாள்.

3.20. படம் வந்தது. மருந்து எப்போதோ குழியை விட்டுப் போயிருந்தது. பக்கத்தில் இருப்பதாகத் தெரிந்ததெல்லாம் எதிர்ச் சுவர் வழியாக உள்ளே வந்ததுதான். மூன்று வருட உழைப்பு மண்ணாய்ப் போனது.

“எல்லாம் போச்சுங்க...”

திரும்பினாள்.

நாற்காலி காலி.

வலது கதவைத் திறந்தாள்.

நாலு படி கீழே மாமா கிடந்தார்...

கையில் போன்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “உயிர் போய் கொஞ்ச நேரம்தான் ஆகுது. ஒரு மணி நேரமாவது உயிரோட கிடந்திருக்கார். யாராவது எட்டிப் பார்த்திருந்தா பொழைச்சிருப்பார்.”

செத்தவர் ஆவியாக வந்தார் என்றால்கூட அக்காவுக்கு மனசு ஆறியிருக்கும். அது அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் மாமா உயிரோடுதான் இருந்தார்.