ட்வீட்டர் பாடவில்லை என்று சண்டைக்குப் போனோம்

எனக்கு எண்பத்தொரு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். ஆனால் ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று யாரிடமும் போய்க் கேட்டவள் இல்லை நான். நூலோ துணியோ அரிசியோ, கையில் எடுத்தால் தெரிந்துவிடும். அந்தத் தைரியத்தோடுதான் சேலத்தில் ஒரு ஸ்பீக்கர் கடை ஏறினேன். எண்பதுகளின் தொடக்கம் அது.

வெண்ணந்தூரில் எங்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறிப் பட்டறை. பெரியவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. தறி ஓட்டுவான், ஆனால் நினைப்பு தறியில் இருக்காது. டீக்கடை, சலூன் என்று எல்லா இடத்திலும் டேப்ரிக்கார்டர் வந்துகொண்டிருந்த நேரம். சொந்தமாக ஸ்பீக்கர் பெட்டி செய்து விற்கும் கடை ஒன்று வைக்க வேண்டும் என்று துடித்தான். அவன் அப்பா லேசில் மசிகிற ஆள் இல்லை. "முதல்ல நம்மூட்டுக்கு ஒரு ஜோடி செஞ்சு காட்டு. நல்லாப் பாடுச்சுன்னா தறிக்கு ஆள் போட்டுக்கறேன், நீ போய்க் கடை வை. பாடலைன்னா இந்தப் பேச்சையே எடுக்கப்படாது" என்று சொல்லிவிட்டார். பையனின் பிழைப்பே அந்த ஒரு ஜோடிப் பெட்டியில் வந்து நின்றது.

பெரிய கம்பெனி ஸ்பீக்கர் வாங்க நமக்கு வசதியில்லை. பெயர் தெரியாத உள்ளூர்ச் சரக்கில் நல்லதாகப் பொறுக்க வேண்டும். நானும் கூடச் சேலத்துக்குப் போனேன். காகிதக் கூம்பை விரல் நுனியால் மெதுவாக அமுக்கிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தான். உள்ளே எதுவும் உரசக் கூடாது, பின்னால் இருக்கும் காந்தம் கனமாக இருக்க வேண்டும். எனக்கு அந்தக் கூம்பைத் தொட்டதும் கஞ்சி போட்ட பாவு நூல் ஞாபகம் வந்தது. சிலது நமத்த அப்பளம் மாதிரி இருந்தது. இரண்டு மட்டும் முறுக்காக, ஆனால் லேசாக இருந்தன. "இதை எடு கண்ணு" என்றேன். கடைக்காரரே, "அம்மா கை பொல்லாத கையா இருக்குதுங்களே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கீச்சுச் சத்தத்துக்கு என்று ட்வீட்டர் இரண்டையும் அதே கடையில் வாங்கினோம்.

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் மிச்சம் விழுந்த பலகையை வாங்கி அவனே அறுத்துப் பெட்டி செய்தான். உள்ளே அதிராமல் இருக்கத் தறியில் விழும் கழிவுப் பஞ்சை அடைத்தான். நாதஸ்வர கேசட் ஒன்றைப் போட்டான். அடேயப்பா, தவில் அடி நெஞ்சில் வந்து விழுந்தது. அவன் அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பையன் முகம் மட்டும் தெளியவில்லை. "ஜால்ராவே வரலைங்கம்மா. ட்வீட்டர் ரெண்டுமே செத்துக் கெடக்குது" என்றான். ஒயரை மாற்றினான், கண்டன்சரை மாற்றினான். நானும் காதை ஒட்டி வைத்துப் பார்த்தேன். உமி சலிப்பது போல ஏதோ ஒன்று, அதற்கு மேல் இல்லை.

மறுநாளே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ட்வீட்டரோடு பையனையும் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

கடைக்காரர் ட்வீட்டரை மட்டும் தனியாக மாட்டி, பாட்டுப் போட்டு, "நல்லாத்தானுங்களே பாடுது" என்றார். பையன் இல்லை என்று தலையாட்டினான். அவர் புதிதாக இன்னொன்றைப் பிரித்து மாட்டினார். அதுவும் அப்படித்தான். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஏனுங்க, ஊமைச் சாமானைக் குடுத்துப்போட்டுப் பாடுது பாடுதுங்கறீங்க. தறிக்காரங்கன்னா அவ்வளவு இளப்பமாப் போச்சுங்களா?"

"அம்மா, இதுக்கு மேல சத்தம் வெச்சா உள்ள கம்பி கருகிப் போயிருமுங்க."

ரேடியோ ரிப்பேருக்கு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்து வந்தார். அறுபதைத் தாண்டியவர். "மொதல்ல அதை நிறுத்தச் சொல்லும்மா. ஊசியால குத்துற மாதிரி கூவுது" என்றார்.

கடைக்காரர் செட் பண்ணிய ஆள் என்றே நினைத்துவிட்டேன். "உங்களுக்கு இதுல எத்தனை பங்குங்க?" என்று கேட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார். "பங்கா? நான் வாழப்பாடிம்மா. மரவள்ளி போடுறவன். இந்த வயசுல எனக்கே கேக்குது, உங்களுக்குக் கேக்கலைன்னா எப்படி?" என்றவர், என் பையனைப் பக்கத்தில் கூப்பிட்டார். "தம்பி, நானும் நீயும் அந்தச் செவுத்தைப் பாத்து நிப்போம். அவரு மாட்டட்டும், கழட்டட்டும். சத்தம் வர்றப்ப கையைத் தூக்குவோம். யாரு சொல்றது நெசம்னு அம்மா பாக்கட்டும்."

நான் கடைக்காரர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஒயரை வைத்ததும் பெரியவர் கை மேலே போகும், எடுத்ததும் இறங்கும். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. என் பையன் கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு முறை பக்கத்தில் அசைவு தெரிந்து தூக்கப் பார்த்தான், பாதியில் இறக்கிவிட்டான். அந்தப் பாதிக் கையைப் பார்த்துக்கொண்டே நானும் காதைத் தீட்டினேன். எனக்கும்தான் ஒன்றும் கேட்கவில்லையே!

பெரியவர் திரும்பி, மெதுவாக, "தறி வேலை எப்பயிருந்துப்பா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் எல்லோரும் பெருமையாகச் சொல்லும் பதிலை நான் சொன்னேன். "பொறந்ததுல இருந்துங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. எங்கள் பக்கம் பிள்ளைக்காரி தறிக்குப் போனால், பட்டறை விட்டத்திலேயே சேலையில் தூரி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிடுவாள். பார்வையிலேயே இருக்கும், ஆட்டிவிடவும் தோது. அத்தனை இரைச்சலிலும் பிள்ளை அசந்து தூங்கும். "எம் மவன் இடி விழுந்தாலும் முழிக்க மாட்டான்" என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். கோயிலில் ஜால்ரா மங்கிப்போனதற்கு, அடிக்கிறவன் சோம்பேறி ஆகிவிட்டான் என்று வைதுகொண்டிருந்தவளும் நான்தான்.

கடைக்காரர் எங்களைக் குத்திக்காட்டவில்லை. வேண்டுமானால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றுகூடச் சொன்னார். பையன் ட்வீட்டரைத் துண்டில் சுற்றிக்கொண்டு, "போயிட்டு வாரேனுங்க" என்று கும்பிட்டுவிட்டு இறங்கினான். பஸ் ஆட்டையாம்பட்டியைத் தாண்டியது. பையன் வெளியே பார்த்தபடியே சொன்னான்: "எனக்கே கேக்காததை நான் ஊருக்கு எப்படிங்கம்மா விக்கறது?"

வீட்டுக்கு வந்து ட்வீட்டரை மாட்டினான். அது பாடினாலும் பாடாவிட்டாலும் அவன் அப்பாவுக்கு வித்தியாசம் எங்கே தெரியப் போகிறது? "பலே! நீ கடை வெச்சுக்கோ சாமி" என்றார். ஆசைப்பட்ட வார்த்தை வந்தும் இவன், "வேண்டாங்கப்பா" என்றான். மறுநாள் காலையில் தறியில் போய் நின்றான். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "காதாவது ஒண்ணாவது, கடை வெச்சு அலைய அவனுக்கு ஒடம்பு வணங்கலை" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைக்குட்டி அப்போது மூன்று மாதக் கைக்குழந்தை. சேலத்திலிருந்து வந்த அன்றே பட்டறையில் இருந்த தூரியை அவிழ்த்துக் கொண்டுபோய்ப் பின்கட்டில் கட்டினேன். "நாலும் இதுலதான வளந்துச்சு, அஞ்சாவதுக்கு மட்டும் என்ன புது மவுசு?" என்றார் என் மாமியார். நான் தூரி முடிச்சை இறுக்கிப் போட்டேன். நான்கு பிள்ளைகளுக்குப் பிந்திப்போன காரியம் அது.

அந்தப் பெட்டிகள் வெகுகாலம் எங்கள் வீட்டில் பாடின. பெரியவன் பாட்டுக் கேட்கும்போது கடைக்குட்டியை எதிரே உட்கார வைத்துக்கொள்வான். ஜால்ரா வரும் இடத்தில் அவள் தலை தன்னால் ஆடும், கண் விரியும். "இப்ப வருதா கண்ணு?" என்பான். "வருதுண்ணா" என்பாள். தங்கச்சி முகத்தைப் பார்த்துத்தான் என் மகன் பாதிப் பாட்டைக் கேட்டான்.

பெற்ற பிள்ளைகளைப் பசியறிய விட்டதில்லை, அதில் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. ஆனால் தூங்குகிற பிள்ளைக்கும் காது திறந்துதான் கிடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போனதே, அந்த ஆற்றாமை மட்டும் இன்றுவரை ஆறவில்லை.

சரி சாமி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினது போதும், ஒருக்காப் படிச்சுக் காட்டு. அப்படி இல்லை, வெளிச்சத்துப் பக்கமாத் திரும்பி உக்காந்து படி. உன்ற வாயசைவு தெரிஞ்சாத்தான் எனக்குக் கேக்கும்.