தங்க ஊரின் ஒபரா அரங்கில்

மெல்பனிலிருந்து மேற்கே, தங்கம் தோண்டிய காலத்தில் எழுந்த சிறிய ஊர் இது. நானும் மனைவி வாசுகியும் பழைய ஒபரா அரங்குக்குள் நுழைகிறோம். உயரத்து ஜன்னல் வழியே விழும் பிற்பகல் வெயிலில் தூசி மெல்ல மிதக்கிறது.

சுற்றிக் காட்டுபவர் மார்கரெட் என்ற உள்ளூர்ப் பெண். சுரங்கம் கொடுத்த பணத்தில் கட்டிய அரங்காம். தங்கம் தீர்ந்ததும் பாட்டு நின்றது. பிறகு படம் ஓட்டினார்கள். கடைசியில் கம்பளி மூட்டைகளை அடுக்கினார்கள். இடிக்க வந்தபோது ஊர்ச்சனம் கூடி மறித்து, ஆண்டுக்கணக்காகத் திருத்தியிருக்கிறது.

"சுவரெல்லாம் புதுப் பூச்சு. பழைய ஒலி போய்விடுமோ என்று பயந்தோம்," என்கிறார் மார்கரெட். "மேடையேறிப் பாடிப் பாருங்கள். வருகிற எல்லாரையும் கேட்பேன்."

நான் மறுக்க வாயெடுக்கிறேன். தொண்டையில் தைரொய்ட் ஒபரேஷன் செய்த பிறகு வாசுகி பாடுவதில்லை, குசினியில் சமைக்கும்போது முணுமுணுப்பதுகூட இல்லை. அதற்குள் அவள் படியேறிவிட்டாள்.

தயங்கித் தொடங்குகிறாள். மேலே போகுமிடத்தில் குரல் உடைகிறது. அவள் சுருதியைக் குறைத்து, அங்கிருந்தே தொடர்கிறாள். அந்தக் கரகரத்த குரல் மாடத்தில் ஆள் உட்காராத கதிரைகள் வரை போய், கனிந்து திரும்பி வருகிறது. எனக்குப் பழகிய குரல் இல்லை இது. ஆனாலும் கண் தானாக மூடிக்கொள்கிறது.

பாட்டு முடிகிறது. மார்கரெட் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

"பாடினது காணும் வாசுகி, தொண்டை நோகும். இறங்கி வாரும்," என்று கீழே நின்று கூப்பிடுகிறேன்.

"பொறுங்கோப்பா," என்கிறாள். "இன்னுமொண்டு பாடிப்போட்டு வாறன்."