ரிஜெக்ட் ஆன என் புத்தகம்

போன வெள்ளிக்கிழமை ஓர் ஏழாம் வகுப்புப் பெண் என்னை ரிஜெக்ட் செய்துவிட்டாள். முகத்துக்கு நேராக!

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, ‘ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்’ என்று நாசூக்காகத்தான் நழுவினார்கள்.

நடந்தது இதுதான். ஒரகடம் பக்கம் ஒரு பள்ளி. இலக்கிய மன்ற விழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கன்டெய்னர் லாரிகளுக்கும் கம்பெனி பஸ்களுக்கும் நடுவே ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன். தலைமை ஆசிரியை வாசலிலேயே சந்தனம், ரோஜாப்பூ கொடுத்து, “முதல்ல எங்க லைப்ரரியைப் பார்த்துடுங்க மேடம்” என்று அழைத்துப் போனார். நூலகர் ஸ்டெல்லா கதவருகே நின்றிருந்தார். உதட்டில் சிரிப்பு, கண்ணில் பதற்றம்.

அறை மூலையில் ஓர் அலமாரியை மட்டும் விழா பேனரால் மூடி வைத்திருந்தார்கள். மூடி வைத்தால் சும்மா இருக்கிற ஆளா நான்? விலக்கிப் பார்த்தேன்.

வரிசையாகப் புத்தகங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிவப்பு அட்டை. நடுநாயகமாக, பிள்ளைகளுக்காக நான் எழுதிய நாவல்! அட்டையில் முத்து முத்தான கையெழுத்து: ‘ரிஜெக்ட். காரணம் – மழை நிற்கவே இல்லை. யாரும் எதுவும் செய்யவில்லை. கவிதா, 7 பி.’

தலைமை ஆசிரியையின் முகம் வெளுத்துவிட்டது. “ஸ்டெல்லா! நேத்தே இதை எடுக்கச் சொன்னேன்ல? வந்தவங்க முன்னாடி மானமே போகுது. இன்னியோட இந்த அலமாரிக்கு மூடுவிழா!”

ஸ்டெல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது... பொய் சொல்வானேன்? அந்த மழை அத்தியாயத்துக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனாலும், ஓர் அலமாரிக்காக ஒருவர் கண் கலங்கினால் என்ன ஏதென்று கேட்கவேண்டாமா? கேட்டேன்.

“கவிதா லைப்ரரி பீரியட்ல தூங்குற பொண்ணு மேடம். ஒருநாள் வம்படியா ஒரு புக்கைக் குடுத்தேன். மறுநாளே திருப்பிக் குடுத்துட்டா. எப்டிம்மா இருந்துச்சுன்னு கேட்டா, ‘ரிஜெக்ட் மிஸ்’ங்கிறா! அவ அப்பாவுக்கு இருங்காட்டுக்கோட்டைல கார் பார்ட்ஸ் செக் பண்ற வேலை. பீஸ் சரியில்லன்னா சிவப்பு டேக் போட்டு, காரணம் எழுதணுமாம். சரி, நீயும் காரணம் எழுதுன்னேன். காரணம் எழுதணும்னா படிக்கணுமே! உக்காந்து படிச்சா மேடம். இப்ப கிளாஸே க்யூல நிக்குது.”

அட!

தமிழாசிரியர் முதலில் சண்டைக்கே வந்தாராம், புத்தகத்தை இப்படியா அவமானப்படுத்துவது என்று. அப்புறம் அவரே, ‘குறை சொன்னா ஆச்சா? கம்பெனில மாதிரி ரீவொர்க் பண்ணி, சரியாக்கிக் காட்டுங்க’ என்று ரிஜெக்ட் ஆன புத்தகங்களைத் தன் கட்டுரை வகுப்புக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டாராம். இப்போது பிள்ளைகள் முதல் பக்கத்தைத் தங்கள் இஷ்டத்துக்குத் திருப்பி எழுதுகிறார்கள். கட்டுரை என்றாலே வயிற்று வலி வந்துகொண்டிருந்த பிள்ளைகள்!

நாம் என்ன செய்கிறோம்? புத்தகத்தைக் கையில் திணித்து, ‘நல்ல புக், படி’ என்கிறோம். பிடிக்கவில்லை என்று சொல்ல வழியே வைப்பதில்லை. அப்புறம் ‘பிடிச்சிருக்கு’ என்று பிள்ளை சொன்னால், அதை மட்டும் எப்படி நம்புவது?

கவிதாவைக் கூப்பிட்டார்கள். கதவோரமாக வந்து நின்றாள்.

“இப்பவும் அப்படித்தான் நினைக்கிறியா கண்ணு?” என்றேன்.

தலைமை ஆசிரியையை ஒரு பார்வை, ஸ்டெல்லாவை ஒரு பார்வை. பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

“ஆமா மேடம். மழை பேஞ்சுகினே கீது. கதைல வர்ற அந்தப் பையன் ஜன்னலாண்டயே குந்திகினு கீறான். எங்காண்ட மழைன்னா யாரும் குந்த மாட்டாங்க மேடம். வூட்டுக்குள்ள தண்ணி பூந்துடும். மொதல்ல ஸ்கூல் பையைத் தூக்கி செல்ஃப் மேல போடுவோம். அந்தப் பையன் இன்னாத்துக்குச் சும்மா குந்திகினான்?”

எனக்கு அப்படியே அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மேடையில், தயாரித்து வந்த உரையை மடித்துக் கைப்பையில் போட்டேன். “என் புத்தகம் அந்த அலமாரியிலேயே இருக்கட்டும். அலமாரியை எடுத்தீங்கன்னா, நீங்க போர்த்தின இந்தப் பொன்னாடையை இப்பவே திருப்பிக் கொடுத்துடுவேன்” என்றேன். பிள்ளைகள் போட்ட கூச்சலில் மைக் கதறியது. தலைமை ஆசிரியை அசடு வழியச் சிரித்து, “சரி, இருந்துட்டுப் போகட்டும் ஸ்டெல்லா” என்றார். நான் காரில் ஏறும்வரை ஸ்டெல்லா என் கையை விடவேயில்லை.

நேற்று அவரிடமிருந்து போன். கவிதா என் நாவலைத் திரும்பவும் எடுத்துப் போய், இந்த முறை முழுசாகப் படித்து முடித்துவிட்டாளாம்!

“அப்போ டேக்கை எடுத்துட்டாளா?” – ஆவலை அடக்க முடியவில்லை எனக்கு.

“எடுக்கல மேடம். மாத்தி எழுதியிருக்கா... ‘ரீவொர்க் செய்தால் தேறும்.’”

முதல் பக்கத்தைத் திருப்பி எழுத உட்கார்ந்துவிட்டேன். யாரும் தொந்தரவு செய்யாதீர்கள்!