மெமரிக்கு வைத்த சந்தனப் பொட்டு

எனக்குக் காது குத்திய அன்றுதான் எங்கள் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் பேச்சு நின்றது. நல்ல நேரம் முடிவதற்குள் குத்திவிட வேண்டும் என்று மலைக்கோயிலில் எல்லோரும் அவசரப்பட்டார்கள். சென்னையிலிருந்து அத்தை வந்த ரயில் அரக்கோணத்தில் நின்றுவிட்டது. அத்தை மூச்சிரைக்கப் படியேறி வந்து சேர்ந்தபோது என் இரண்டு காதிலும் கம்மல் ஏறியிருந்தது.

“கூடப் பொறந்தவ வர்றதுக்குள்ள அப்படி இன்னா அவசரம்?” என்று நைனாவைக் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல், சாப்பிடாமலே இறங்கிப் போய்விட்டார். நைனா என்றால் அப்பா. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். அத்தை சாப்பிடாமல் போனதை நைனா மறக்கவில்லை, தம்பி காத்திருக்காததை அத்தையும் மறக்கவில்லை. இப்படியே நாலு வருஷம் போனது. இவ்வளவு பெரிய சண்டைக்கு என் காது காரணம் என்பதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த வருஷம், ஆடி மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பாவா வந்தார். அத்தையின் ஒரே மகன், எங்களுக்கு அத்தான் முறை. சென்னையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற கடையில் வேலை. முதுகில் ஒரு கறுப்புப் பையோடு எங்கள் வீட்டு முன்னால் இருக்கும் நைனாவின் மெக்கானிக் கடையில் வந்து நின்றார். நைனா ஒரு பைக்கின் அடியில் படுத்திருந்தார். யாரென்று தெரிந்ததும் அவர் முகம் இறுகியது எனக்கே தெரிந்தது.

“மாமா, மிஷின் ஒண்ணு ரிப்பேரு” என்றார் பாவா.

நைனாவுக்கு ஒரு கொள்கை உண்டு. ரிப்பேர் என்று வந்தவனை, அவன் எதிரியாக இருந்தாலும், கடை வாசலில் இருந்து திருப்பி அனுப்பக் கூடாது. அந்தக் கொள்கை பாவாவுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் அப்போது யோசிக்கவில்லை. நைனா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு பையைப் பார்த்தார். அதற்குள் ஒரு லேப்டாப் இருந்தது.

“நமக்கு ரெண்டு சக்கரம் இருந்தாத்தான் தெரியும்” என்றார் நைனா. அதைப் பாவாவைப் பார்த்துச் சொல்லாமல் பைக்கைப் பார்த்துச் சொன்னார்.

“உங்க வீட்ல பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் படிச்சிகினு இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். அதான்...”

நைனா என்னைப் பார்த்து, “உள்ள போய் உங்க அக்காவ கூப்டு. வந்தவங்களுக்குத் தண்ணி குடு” என்றார். மாப்ள என்று கூப்பிட வேண்டிய தன் அக்கா மகனை ‘வந்தவங்க’ என்றுதான் அன்று முழுக்கச் சொன்னார். அக்காவைத் தேடி நான் ஓட வேண்டியிருக்கவில்லை. அவள் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மட்டும் தலைக்குக் குளிக்கிறவள், அந்த ஞாயிற்றுக்கிழமை ஈரத்தலையோடு மல்லிகைப்பூ வைத்திருந்தாள்.

அந்த லேப்டாப்பை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கேம் ஆடுவதற்கென்றே செய்ததாம். சென்னைக் கடைக்கு வந்துபோகிற ஒருவர் வெளிநாடு போகும்போது பாவாவிடம் தள்ளிவிட்டுப் போனது. அம்மாவின் தோசைக்கல்லைவிடக் கனம். மூடியைத் திறந்தால் எழுத்துகளுக்கு அடியில் சிவப்பு விளக்கு எரியும். அதில் ஒரு கார் பந்தயம் இருந்தது. மஞ்சள் கார் ஒன்று உறுமிக்கொண்டு புறப்படும், முதல் வளைவு வந்ததும் அப்படியே சிலையாக நின்றுவிடும். நாலு தடவை பார்த்தோம். நாலு தடவையும் அதே வளைவில் நின்றது. அந்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எனக்குத் தலை வெடித்துவிடும்போல இருந்தது.

அக்கா எதையெதையோ தட்டிப் பார்த்தாள். “மெமரி பத்தல. ஒரு ஜிபிதான் இருக்கு. இன்னொரு ரெண்டு ஜிபி வாங்கிப் போட்டா ஓடும்” என்றாள்.

“அப்படியா? எனக்குத் தோணவே இல்ல பாருங்க” என்றார் பாவா. “அடுத்த ஞாயித்துக்கிழம வாங்கியாறேன்.”

கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் பற்றித்தான் பழமொழி இருக்கிறது. கொல்லனே ஊசிக்காக ரயிலேறித் திருத்தணிக்கு வருவதைப் பற்றி ஒன்றும் இல்லை. எனக்கு அது வினோதமாகத் தெரியவும் இல்லை. பாவா வேலையில் கொஞ்சம் மட்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அந்த வாரம் வீட்டில் வேறொரு பேச்சும் நடந்துகொண்டிருந்தது. பள்ளிப்பட்டில் இருந்து அக்காவுக்கு ஒரு வரன் வந்திருந்தது. ஆடி போகட்டும், ஆவணி பிறந்ததும் வந்து பெண் பார்க்கிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்கா அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை நாள் முழுக்கப் படித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாவா மெமரியோடு வந்தார். ஒரு விரல் நீளப் பச்சைத் தகடு. அதன் ஒரு ஓரத்தில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள். அக்கா அதைக் கையில் வாங்குவதற்கு முன் ஜன்னல் கம்பியைத் தொட்டாள். பாவாவையும் தொடச் சொன்னாள். நம் உடம்பில் இருக்கும் கரண்ட் மெமரியைக் கொன்றுவிடுமாம், இரும்பைத் தொட்டால் அது இறங்கிவிடுமாம். இருவரும் ஒரே கம்பியை வெகுநேரம் தொட்டுக்கொண்டிருந்தார்கள். நிறைய கரண்ட் போலும்.

அதற்குள் அம்மா இலை போட்டுவிட்டாள். அத்தை சாப்பிடாமல் போன வீட்டில் அத்தை மகன் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எல்லோரும் அங்கே இருக்க, மெமரி மட்டும் மேஜை மேல் தனியாகக் கிடந்தது. எனக்கு அப்போதுதான் ஒரு பெரிய குறை கண்ணில் பட்டது.

நைனாவின் கடையில் எந்தப் புதுச் சாமானும் பொட்டு வைக்காமல் வண்டியில் ஏறாது. செயினோ பிரேக் ஷூவோ, அட்டைப்பெட்டியில் இருந்து எடுத்ததும் கடை சாமி படத்துக்கு முன்னால் வைத்து, ஒரு சொட்டு சந்தனம், அதன் மேல் குங்குமம். அதற்குப் பிறகுதான் ஸ்பானர். பொட்டு வைக்கும் வேலை ஞாயிற்றுக்கிழமைகளில் என்னுடையது. இந்த மெமரிக்கு மட்டும் யாரும் எதுவும் செய்யவில்லை. சென்னைக்காரருக்குத் தெரியாது, சரி. அக்காவுமா மறப்பாள்?

நான் முறைப்படியே செய்தேன். முதலில் ஜன்னல் கம்பியைத் தொட்டேன். பிறகு சந்தனத்தை நீர் விட்டுக் குழைத்தேன். பச்சைத் தகட்டில் எங்கு பார்த்தாலும் கறுப்புக் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அந்தத் தங்கப் பற்கள்தான் சாமி நகைபோலப் பளபளவென்று இருந்தன. அங்கேயே ஒன்றுக்கு மூன்றாகப் பொட்டு வைத்து, காய்ந்ததும் மேலே இருந்த குங்குமத்தை ஊதிவிட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

சாப்பாடு முடிந்து அக்கா லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு, பேட்டரியைக் கழற்றி, திருகுகளை எடுத்தாள். பாவா அக்காவையே பார்த்துக்கொண்டு விளக்குப் பிடித்தார். மெமரியைப் பார்க்காமலேயே அவர் எடுத்து நீட்ட, அவளும் பார்க்காமலேயே வாங்கி அழுத்தினாள். ‘டக்’ என்று உட்கார்ந்தது. மூடித் திருப்பி பட்டனை அழுத்தினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. விசிறி சுற்றியது. திரை மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. பொட்டு வைத்தது நான் ஒருத்திதானே.

அக்கா மறுபடியும் திறந்து மெமரியை வெளியே எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். நான் அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டேன். அவள் திட்டவில்லை. மெமரியை அதன் உறையில் போட்டு மூடினாள்.

“இது உடனே ஆகற வேல இல்ல. மிஷின் இங்கயே இருக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கிழம வந்தா பாக்கலாம்” என்றாள்.

“ஆங், அதுக்கென்ன, வரேன்” என்றார் பாவா. அவ்வளவு விலை உயர்ந்த பொருள் கெட்டுப்போனதற்கு அவர் கொஞ்சம்கூட வருத்தப்படவில்லை. மனுஷன் தங்கம் என்று நினைத்தேன்.

ஆனால் அவர் போனதும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். “வேலில போன ஓணான எடுத்து மடில கட்டிகினா மாதிரி ஆச்சே! காது குத்தினதுக்கே நாலு வருஷம். இப்ப புள்ளயோட பொருள கெடுத்துட்டாங்கன்னு உங்க அத்த இன்னும் நாப்பது வருஷம் வாசப்படி மிதிக்க மாட்டாங்க. அந்தப் பையனும் இனிமே வரவே மாட்டான்.”

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. முதல் சண்டை என் காதால் வந்தது. இரண்டாவது என் கையால் வரப்போகிறது. பாவா இனி வரமாட்டார். மஞ்சள் கார் அந்த வளைவைத் தாண்டாது. அலமாரி மேல் துண்டு போர்த்திக் கிடந்த லேப்டாப்பைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். புதன்கிழமை தாங்க முடியாமல் அக்காவிடம் போய், “அக்கா, நான்தான்...” என்று தொடங்கினேன்.

அவள் சட்டென்று என் வாயைப் பொத்தினாள். “எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழம வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. நைனாகிட்ட சொன்னே, அவ்ளோதான்” என்றாள். என்னைக் காப்பாற்ற அவள் படும் பாட்டை நினைத்து எனக்கு அழுகை வந்தது. இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பாள்?

வெள்ளிக்கிழமை அம்மாவோடு மலைக்குப் போனேன். படிக்கொரு பொட்டு வைப்பதாக முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். முந்நூற்று அறுபத்தைந்து படிகளுக்கும் குனிந்து குனிந்து மஞ்சளும் குங்குமமும் வைத்தேன். பொட்டு வைத்ததால் வந்த வினையைப் பொட்டு வைத்தே தீர்க்கப் பார்க்கிறோம் என்று அப்போது உறைக்கவில்லை. எதற்கு வேண்டுதல் என்று அம்மா கேட்டதற்குக் கணக்குப் பரீட்சை என்றேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பாவா வந்தார். வராமல் போய்விடுவாரோ என்று வாசலில் காத்திருந்த நான், ஆட்டோவில் இருந்து அவர் இறங்கியதும் ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டேன். நைனாவும் கடையை விட்டு உள்ளே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

அக்கா என்னிடம், “உன் ரப்பரக் குடு” என்றாள். வாசனை ரப்பர், பாதி வாழைப்பழ வடிவம். அதை வைத்து மெமரியின் தங்கப் பற்களை மெதுவாகத் தேய்த்தாள். முன்பக்கம் பத்துத் தடவை, பின்பக்கம் பத்துத் தடவை. ஊதினாள். பொருத்தினாள். பட்டனை அழுத்தினாள். திரை வெளிச்சமானது. மெமரி மூன்று ஜிபி என்று காட்டியது. நான் குதித்த குதியில் மேஜை ஆடியது.

நைனா குதிக்கவில்லை. மேஜை மேல் கிடந்த ரப்பர் துகளை விரலால் தொட்டு எடுத்து முகர்ந்தார். சந்தன வாசனை தெரியாமலா இருக்கும்? என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“வண்டி பிளக்குல கரி புடிச்சா உப்புத்தாள வெச்சு நாலு தேய்ப்பு தேய்ச்சுட்டு போய்க்கினே இருப்போம்” என்றார் நைனா. “இதுக்கு ஒரு வாரமா?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பாவா விசிறி ஓட்டையில் விரலை விட்டு எதையோ தேடினார். நான் மஞ்சள் காரைக் கிளப்பினேன். அது அந்த வளைவைத் தாண்டியது. வளைவுக்கு அப்பால் ஒரு கடல் இருந்தது. நைனாவும் ஒரு ஆட்டம் ஆடி, நேராகக் கடலில் விட்டார். இருபது வருஷம் வண்டி ஓட்டியவர் இப்படி ஓட்டுகிறாரே என்று சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

சாயங்காலம் பாவா பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது நைனா வாசலில் நின்றார்.

“மாப்ள” என்று கூப்பிட்டார். நாலு வருஷத்தில் முதல் தடவை. “அடுத்த வாரம் எதக் கழட்டணும்?”

பாவாவுக்கு வியர்த்துவிட்டது. “ஹார்ட் டிஸ்க் மாமா... கொஞ்சம் பெருசா மாத்தலாம்னு...”

“அப்புறம் விசிறி, அப்புறம் பேட்டரி. இப்படி ஒண்ணொண்ணா கழட்டிகினு இருந்தா எம்பொண்ணு கெழவி ஆயிடுவா. ஹார்ட் டிஸ்க்க ஆவணில பாத்துக்கலாம். வரும்போது எங்க அக்காவையும் இட்டுகினு வா. இந்தவாட்டி அவங்க வர்ற வரைக்கும் காத்துகினு இருப்பேன்னு சொல்லு.”

பாவா நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே அக்கா ஓடுகிற சத்தம் கேட்டது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மெமரி சரியானதற்கு இவ்வளவு பேர் ஏன் அழ வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

“ஏம்மா, அத்தைக்கு ஹார்ட் டிஸ்க் மாத்தத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“ஆங், உங்க அத்தைக்கு எல்லாம் தெரியும்” என்று சொல்லிச் சிரித்தாள் அம்மா.

ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தார். தட்டுத் தட்டாகப் பழமும் பூவும் வெற்றிலையும் வந்தன. வீடு நிறைய ஆட்கள். நல்ல நேரம் போய்விடும் என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். வந்தவர்களுக்குக் கொடுக்கப் பூஜை அலமாரியில் இருந்த சந்தனக் கிண்ணத்தைக் காணவில்லை. அம்மா தேடினாள், அக்கா பட்டுப் புடவையோடு தேடினாள், கடைசியில் அத்தையே இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு எங்கள் சமையலறைக்குள் புகுந்து தேடினார்.

நான் வாயைத் திறக்கவில்லை. விடிந்ததுமே அதை நைனாவின் ஸ்பானர் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். இந்தத் தடவை ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது, ஆகிவிட்டால் பாவா இனிமேல் எங்கள் வீட்டுக்கு வரவே மாட்டார் என்று பயந்தேன்.