உள்நோயாளிப் பதிவேட்டில் பத்தாவது ஆள்

பத்து என்ற எண்ணைக் கண்டால் எனக்கு வியர்க்கும். தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில், பழைய மெட்ராஸ் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த தனியார் கால்நடை மருத்துவமனைக்கு நான் மேனேஜர். கால்நடை என்பது போர்டில் மட்டும்தான். வந்ததெல்லாம் நாய், பூனை, எப்போதாவது சளி பிடித்த கிளி. மிருகங்களைக் காப்பாற்றுவது டாக்டரின் வேலை. அரசாங்கத்திடமிருந்து டாக்டரைக் காப்பாற்றுவது என் வேலை. நாய் கடித்தால் ஊசி இருக்கிறது. அரசாங்கம் கடித்தால் என்ன போடுவார்கள் என்று யோசித்தே என் தலையில் பாதி முடி போயிற்று.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் ஒரு லேபர் கன்சல்டன்ட் வந்து விரல் விட்டு எண்ணிக் காட்டினார். "கடைச் சட்டம் மாநிலத்தோடது, அது எப்படியும் உண்டு. பத்துப் பேர் ஆச்சுன்னா டில்லிக்காரன் சட்டம் உள்ள வர ஆரம்பிக்கும். இருபது ஆனா இன்னும் வரும். நீங்க ஒம்பதுல நில்லுங்க சார். நிம்மதியாத் தூங்கலாம்."

நின்றேன். வருகைப் பதிவேட்டில் ஒன்பது பெயர். ஒருவர் வேலையை விட்ட பிறகுதான் அடுத்தவரைச் சேர்ப்பேன். அப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு நாள் காலை அல்சேஷன் ஒன்று சங்கிலியை அறுத்துக்கொண்டது. கம்பவுண்டர் பெஞ்சு மேல் ஏறினார். நான் மேனேஜர் என்பதால் மேசை மேல் ஏறினேன். யார் வீட்டிலோ வேலை செய்துகொண்டு, அந்த வீட்டு நாய்க்குட்டியைத் தடுப்பூசிக்குக் கொண்டுவந்திருந்த ஒரு பெண் மட்டும் ஓடவில்லை. குட்டியைக் கூடையில் வைத்து மூடினாள். அல்சேஷனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். உறுமிக்கொண்டிருந்த அந்தப் பிராணி இரண்டு முறை அவளைச் சுற்றிவந்து, தலையைக் கொண்டுபோய் அவள் தோளில் வைத்தது. மேசை மேல் நின்றபடி நான் வாய் பிளந்து பார்த்தேன். அதுவரை கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

டாக்டர் ராணுவத்தில் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். யோசிக்கிற பழக்கம் கிடையாது. "நாளையிலேர்ந்து இங்க வந்துடும்மா" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, "கீழ எறங்கு மேன், இந்தம்மா பேரை எழுதிக்க."

எதில் எழுதுவது? எழுதினால் பத்து. அன்றிரவு தூக்கம் வராமல் புரண்டதில் ஒரு வழி தோன்றியது. அதைக் கண்டுபிடித்தபோது எனக்கு என் மேலேயே மரியாதை வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எங்களிடம் உள்நோயாளிப் பதிவேடு என்று ஒன்று இருந்தது. தங்கிச் சிகிச்சை பெறும் நாய்களின் கணக்கு. பெயர், இனம், உணவு, உடல்நிலை, கையெழுத்து என்று கட்டங்கள். மறுநாள் காலை, ஒரு டாபர்மேனுக்கும் ஒரு பூனைக்கும் நடுவில் அவள் பெயரை எழுதினேன். இனம் என்ற கட்டத்தில் ஒரு கோடு. உணவு: சொந்தம். உடல்நிலை: நலம். அவள் தினமும் கையெழுத்துப் போட்டாள். ஜோகுபாளையத்திலிருந்து நடந்தே வருவாள். ஒரு நாள் தவறவில்லை. இப்படி இரண்டு வருடம் ஓடியது.

பிறகு ஒரு நாள் என் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"சார், எனக்கு அஞ்சு மாசம்."

"எதுக்கு அஞ்சு மாசம்?" என்று கேட்ட அறிவாளி நான்தான்.

அவள் சிரிக்கவில்லை. "மொத புள்ள வயித்துல இருக்கசொல்ல கார்மென்ட்ஸ்ல வேலை செஞ்சிகினு இருந்தேன் சார். தெரிஞ்ச அன்னிக்கே நாளைக்கு வராதேன்னு சொல்ட்டாங்க. அப்புறம் ஒன்றரை வருசம் ரொம்ப பேஜாராப் போச்சு. அதான் கேக்கறேன். இங்க எனக்கு வேலை இருக்குமா, இருக்காதா? நேராச் சொல்லிடுங்க."

நேராகச் சொல்வது என் குடும்பத்திலேயே கிடையாது. டாக்டரிடம் ஓடினேன். அவர் ஒரு பூனையின் காதுக்குள் பார்த்தபடியே பேசினார். "ஏதாவது நாய் அவ வயித்துல பாஞ்சா யாரு மேன் பதில் சொல்றது? அனுப்பிடு. நல்லவிதமாச் சொல்லு. புள்ள பொறந்தப்புறம் எடம் இருந்தாப் பாக்கலாம்."

நல்லவிதமாகச் சொல்வதற்கு நான்கு நாள் ஒத்திகை பார்த்தேன். ஐந்தாம் நாள், புத்தகக் கடைகள் இருக்கும் அவென்யூ ரோட்டுக்குப் போய்ப் பேறுகாலப் பயன் சட்டத்தை வாங்கினேன். அவளை அனுப்புவதற்குச் சட்டத்தில் ஒரு ஓட்டை கிடைக்கும், அதைக் காட்டிவிட்டால் பழி என் மேல் வராது என்பது திட்டம். திரும்பும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே படித்தேன்.

மெல்லிய புத்தகம். கோயில் வாசலில் விற்கிற பாட்டுப் புத்தகம் போல இருந்தது. பன்னிரண்டு வாரம் சம்பளத்துடன் விடுப்பு. பிரசவம் நெருங்கும்போது, அவள் கேட்டுக்கொண்டால், கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கிற வேலையோ கொடுக்கக் கூடாது. விடுப்பில் இருப்பவளை வேலையிலிருந்து நீக்கினால் அது செல்லாது. திரும்பி வந்தபின், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, பால் கொடுக்கத் தினமும் இரண்டு இடைவேளை விட வேண்டும். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். இந்தச் சட்டம் எழுதப்பட்டபோது எனக்கு நாலு வயது, அவள் பிறக்கவே இல்லை. டில்லியில் யாரோ சிலர் உட்கார்ந்து, முகம் தெரியாத ஒரு பெண்ணின் முதுகு எப்போது வலிக்கும், மார்பு எப்போது கனக்கும் என்றுகூட யோசித்து வைத்திருக்கிறார்கள். சட்டம் என்றால் பல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதற்குக் கையும் இருக்கிறது என்று அந்த பஸ்ஸில்தான் தெரிந்தது. இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

கடைசியில் என் எண்ணும் இருந்தது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கு இது பொருந்தும். எங்களிடம் ஒன்பது பேர். காகிதத்தில்.

இந்த வியப்பில் நான் உடனே நல்லவனாகிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். மேலும் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, கன்னடம் கலந்த தமிழ் பேசும் ஒருவர் லாப்ரடார் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார்.

"சாக்ஸை முழுங்கிடுச்சு ரீ. பேக பேக, சீக்கிரம் பாருங்க, ஆபீஸ் போகணும். லேபர் இன்ஸ்பெக்டர் நான்."

"ஒம்பது பேர்தான் சார்!" என்று கத்தினேன்.

"ஒம்பது பேர் எதுக்கு ரீ? நாயைப் பிடிக்க ஒருத்தர் போதாதா?"

டாக்டர் பார்த்துவிட்டு, நாய் ஒரு நாள் தங்க வேண்டும் என்றார். தங்கினால் சொந்தக்காரர் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நானே அந்தப் பதிவேட்டை எடுத்து, நானே அதைத் திறந்து, அவர் முன்னால் வைத்தேன். அவர் பேனாவைத் திறந்தார். கண் பக்கத்தின் மேலே போனது. பக்கத்தைத் திருப்பினார். இன்னொன்றைத் திருப்பினார்.

"ஏன்ரீ, உணவு சொந்தம், உடல்நிலை நலம். இந்த பேஷன்ட்டுக்கு மட்டும் ரெண்டு வருஷமா டிஸ்சார்ஜே இல்லையா?"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. கேட்டது, கேட்காதது எல்லாவற்றையும் கொட்டினேன். ஒன்பது, பத்து, அஞ்சு மாசம், அவென்யூ ரோடு, போன வருடம் விடுமுறை அட்டவணை ஒட்ட மறந்தது வரைக்கும். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். லாப்ரடாரும் வாலை ஆட்டியது. சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"பன்னெண்டு மாசத்துல எண்பது நாள் வேலை செஞ்சிருந்தாலே அந்தம்மாவுக்கு எல்லாம் உண்டு. பெரிய ஃபேக்டரியில கூட அதை நிரூபிக்கக் காகிதம் இருக்காது. நீங்க தினம் தினம் கையெழுத்து வாங்கி வெச்சிருக்கீங்க. யாரும் இப்படி ஒரு சாட்சி வெச்சு நான் பாத்ததில்லை." எழுந்து வேட்டைக்காரனைப் போல என்னைப் பார்த்தார். "இன்னிக்கு நான் நாய்க்காரன். திங்கட்கிழமை இன்ஸ்பெக்டரா வருவேன். அதுக்குள்ள சரி பண்ணிடுங்க ரீ."

டாக்டர் முதலில் என்னைத் திட்டினார், பிறகு அரசாங்கத்தை, பிறகு மறுபடியும் என்னை. நான் புத்தகத்தைத் திறந்து, கடினமான வேலை தரக் கூடாது என்ற பிரிவைப் படித்தேன். என் குரல் பூனைக் குரலாக இருந்தது. அவர் பேச்சை நிறுத்தினார்.

"சினைக் குதிரை மேல நாங்க சேணம் வெக்க மாட்டோம் மேன்," என்றார். "கர்னல் கேட்டாலும் வெக்க மாட்டோம்." பிறகு மெதுவாக, "அந்தம்மாவை நாய்ப் பக்கம் அனுப்பாதே. மருந்து அலமாரியை உக்காந்துகிட்டே பாத்துக்கட்டும். எழுதிடு. பத்துன்னே எழுது."

எழுதினேன். வருகைப் பதிவேட்டில், பத்தாவது வரியில்.

சட்டத்தின் சுருக்கத்தைப் பெண்கள் வேலை செய்யும் இடத்தில், அவர்கள் கண்ணில் படும்படி, உள்ளூர் மொழியில் மாட்ட வேண்டும் என்றும் ஒரு விதி. சனிக்கிழமை கன்னட அச்சில் ஒன்று வாங்கிவந்து, பின்பக்க அறையில் ஸ்டூல் போட்டு ஏறி ஆணி அடித்தேன். அவள் கீழே உட்கார்ந்து மருந்துப் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார் எழுதியிருக்கு?"

ஸ்டூல் மேல் நின்றபடியே ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். விடுப்பு. சம்பளம். நீக்கக் கூடாது. பால் கொடுக்க இரண்டு இடைவேளை. அவள் துடைப்பதை நிறுத்திவிட்டாள். "அந்த வேலையை விட்டு எடுக்கக் கூடாதுன்னு வருதே, அதை இன்னொரு வாட்டி சொல்லுங்க." சொன்னேன்.

"இது புதுசா போட்டாங்களா சார்?"

"இல்லம்மா. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு."

அவள் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ, கார்மென்ட்ஸ்ல என்னை நிறுத்தசொல்லவும் இது இருந்துச்சா?"

எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவன் நான். அன்று நேராகவே சொன்னேன்.

"இருந்துச்சு."

அவள் துணியை உதறி மடித்தாள். "அவ்ளோ ஒசரத்துல மாட்டினா எவளுக்குத் தெரியும்? கொஞ்சம் கீழ எறக்குங்க சார். உக்காந்துகினு இருக்கறவ கண்ணுக்கு எட்டணும்."

ஆணியைப் பிடுங்கினேன். ஸ்டூலை விட்டு இறங்கி, அவளுக்குப் பக்கத்தில் தரையில் மண்டியிட்டு, அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அடித்தேன்.