எந்த அடைப்பு?

பதினொன்றுக்கு வர வேண்டிய ஐஸ் வண்டி இரண்டு மணிக்கும் வரவில்லை. மரக்காணம் பக்கத்து உப்பங்கழிக் கரையில், மீன் குவியலுக்கும் ரோட்டுக்குமாக நான் நடந்துகொண்டே இருந்தேன். கள்ளக்குறிச்சி மீன்கடை ஒன்றின் கொள்முதல் ஆளாக எனக்கு அது மூன்றாவது கோடை. இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்கள் நிமிஷத்துக்கு ஒருமுறை போனில் பேசுகிறார்கள். எனக்குக் கிடைத்தது மூன்று நிமிஷ டிரங்கால். அதிலும் சொதப்பினேன்.

1. வெட்டு

கோடையில் உப்பங்கழி கடலைச் சேரும் வாய் மணலேறி மூடிக்கொள்ளும். அதை அங்கே அடைப்பு என்பார்கள். உள்ளே தண்ணீர் வற்றிச் சுடும். மடவை மீன்கள் மூச்சுக்குத் துள்ளும். காலை பத்து மணிக்குள் வலையை எடுத்துவிட வேண்டும். தெற்கத்திக் காற்று கிளம்பிவிட்டால் படகும் நிற்காது, வலையும் நிற்காது. பிறகு ஒருநாள் ஊர் கூடி மணலை வெட்டிவிடும். கடல் உள்ளே பாய, கொடுவாய் மீனும் இறாலும் வெட்டின பக்கம் ஓடிவரும். அந்த முதல் இரண்டு நாள் மீன்பாட்டை நம்பித்தான் அவர்கள் கோடையே இருக்கும்.

முந்தின நாள் சாயங்காலம் வெட்டு விழுந்தது. புதுச்சேரி வியாபாரி ஒருவர் வண்டியோடு தயாராக நின்றார். ஆனாலும் வலைக்காரர் ஏழுமலை, பழகின ஆளாயிற்றே என்று, மீன் வேண்டுமா என முதலில் என்னைக் கேட்டார். நான் போஸ்ட் ஆபீசுக்கு ஓடி முதலாளியை டிரங்காலில் பிடித்தேன்.

"மொதலாளி, அடைப்ப எடுத்துட்டாங்க. காலைல வண்டிய அனுப்புங்க."

"நெஜமாவா? நல்லா பாத்தியா?"

"கண்ணால பாத்துட்டுதான் சொல்றேன்."

லைன் அறுந்தது. வண்டி வருவது நிச்சயம், புதுச்சேரிக்காரரை அனுப்பிவிடுங்கள் என்று ஏழுமலையிடம் நான்தான் சொன்னேன். புதுச்சேரி வண்டி காலியாகப் போனது.

2. வெயில்

மறுநாள் காலை வலை கிழியக் கிழிய மீன். ஏழுமலை ஆட்கள் சிரித்துக்கொண்டே கொட்டினார்கள். மதியத்துக்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. கோணியை நனைத்துப் போட்டோம். காற்று அதை உலர்த்திக்கொண்டே இருந்தது. இறாலின் தலை கறுக்க ஆரம்பித்தது.

மூன்று மணிக்கு உப்பளத்துக் கணக்குப்பிள்ளை சைக்கிளில் வந்தார். இட ஒதுக்கீடு கேட்டு உளுந்தூர்பேட்டை ரோட்டில் இரண்டு நாளாக மறியலாம், புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்களாம்.

"ரோடெல்லாம் அடைப்புங்க," என்றார்.

முதலாளியிடம் போனில் சொன்ன வார்த்தை அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வாரமாகக் கரையிலேயே கிடந்தவனுக்கு ரோட்டுச் சேதி தெரியாது. கடலையே பார்க்காத முதலாளிக்கு மணல் சேதி தெரியாது. அவர் இரண்டு நாளாகக் காதில் கேட்டதெல்லாம் அந்த அடைப்புதான்.

டிரைவர் மணி நடந்ததைப் பிற்பாடு சொன்னார். எலவனாசூர்கோட்டை தாண்டி மரம் கிடந்ததாம். இறங்கிப்போய், அடைப்பை எடுத்தாச்சென்று சொன்னார்களே என்று கேட்டிருக்கிறார். ரோட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "யாருப்பா எடுத்தது? நாங்க இங்கதான குந்திக்கினு கீறோம்?" என்றாராம். கூட்டமே சிரித்திருக்கிறது. முன்னாலும் மரம், அதற்குள் பின்னாலும் மரம். வெயிலில் இருந்தவர்கள் தண்ணீர் கேட்க, மணி வண்டியிலிருந்த ஐஸ் பாளங்களை உடைத்துப் பானைகளில் போட்டுக் கொடுத்துவிட்டார். வண்டியில் மிஞ்சியது ஐஸ் உருகாமலிருக்க மூடியிருந்த நனைந்த உமி.

இங்கே பெண்கள் மடவையைக் கீறி உப்பில் போட்டார்கள். இறாலையும் கொடுவாயையும் மணலில் புதைத்தோம். நானும் மண்வெட்டி பிடித்தேன். வெட்கத்தில் அழுகை வந்தது. போனில் நான் சொன்னதை அப்படியே ஏழுமலையிடம் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை.

"எந்த அடைப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே," என்றார். அவ்வளவுதான்.

3. அப்புறம்

இரண்டு கோடை ஏழுமலை எனக்கு மீன் கொடுக்கவில்லை. சின்னசேலத்திலிருந்து ரயிலில் போய் வேறு கரைகளில் அலைந்தேன். நமக்குத் தெரிந்தது எதிராளிக்கும் தெரியும் என்று பேசக் கூடாது. நான் கற்றது இவ்வளவே. அதைக் கற்றுக்கொண்டுவிட்டேனென்று அவரிடம் போய்ச் சொல்ல முடியுமா?

அதற்கடுத்த கோடையில், வெட்டு விழுவதற்கு முந்தின நாளே ஐஸ் வண்டியோடு கரையில் போய் நின்றேன். ஏழுமலை என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக வண்டிக்குப் பின்னால் போனார். உமியை விலக்கி, ஐஸ் மேல் உள்ளங்கையைச் சற்று நேரம் வைத்திருந்தார். பிறகுதான் படகுப் பக்கம் திரும்பி, வலையை ஏற்றச் சொன்னார்.